மௌனம் என்று நான் சொன்ன இடம்

இருட்டில் அவர்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்த கையோடு என் மனைவி கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைத் திரையின் வெளிச்சத்தில் பார்த்தேன். எதற்குச் சிரிப்பு, எதற்குக் கண்ணீர்? திரையில் ஒன்றுமே நடக்கவில்லையே. புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்ட பெண் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்று தோசை சுடுகிறாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கிடையாது, பின்னணி இசை கிடையாது, தோசைக்கல்லின் சத்தம்கூடக் கிடையாது. அதற்காகவே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். காட்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரிமோட்டில் படத்தை நிறுத்தி, எழுந்து நின்று, வகுப்பெடுப்பவன் மாதிரி சொல்லவும் சொன்னேன். "மச்சான், இப்ப ஒரு இடம் வருது பாருங்க. ஒரு பேச்சு இல்ல, ஒரு சத்தம் இல்ல. அப்படியே மௌனத்துல நிறுத்தியிருக்கான் மனுஷன். இந்த மௌனத்த உங்க வீட்டு டிவியில கேக்க முடியாதுங்க. அதுல எப்பவும் ஒரு இரைச்சல் இருந்துக்கிட்டே இருக்கும். நல்ல ஸ்பீக்கர் இருந்தாத்தான் மௌனம் மௌனமாக் கேக்கும்." மாரப்பன் மச்சான் தலையை ஆட்டினார். கோகிலாவின் அண்ணன் அவர், எதற்கும் தலையாட்டுகிறவர். கோகிலா மட்டும் என்னவோ சொல்ல வருகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டேன். என் நாற்காலியில் சாய்ந்து, மௌனம் அவர்கள்மேல் இறங்குவதைப் பார்க்கக் காத்திருந்தேன். மௌனம் வந்தது. அவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது சிரித்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அதற்குள் என் பக்கத்து நாற்காலியில் இருந்த வசந்தாமணி அக்கா, மச்சானின் மனைவி, சந்தையில் பேசுகிற அவருடைய கட்டைக்குரலில் சொன்னார்: "ஆறிப்போயிரும், தின்னுபோட்டு அழு சாமிங்கறா பாரு! எங்கம்மாளும் அச்சு அசல் இப்படித்தான், என்ன எழவு விழுந்தாலும் மொதல்ல தின்னுபோடோணும்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார், அவரும் கண்ணைத் துடைத்தார். யார் சொன்னது? தின்னுபோட்டு அழு சாமி என்று யார் சொன்னது? முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்த அம்மாவா? அவள் பேசவில்லையே. இந்தக் காட்சியை நான் தனியாக எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அவள் பேசினதே இல்லையே. முன்வரிசையில் இருந்த நிவேதா, மச்சானின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி. கேலி இல்லை அதில். கேலியாக இருந்திருந்தால் தேவலை. மாமா, அவங்க பேசறாங்களே என்று கேட்க வந்து நின்றுபோன முகம். அப்போது கோகிலாவின் கை இருட்டில் நீண்டு, அவள் தோளைத் தொட்டு, மெல்லத் திரையின் பக்கம் திருப்பிவிட்டதைப் பார்த்தேன். அந்தக் கையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். புரொஜெக்டர் விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ளவில்லை. இருட்டு இருட்டாகவே தெரியும், வெளிச்சத்தில் ஒரு கையின் வளையல்கூடத் துல்லியமாகத் தெரியும். படம் விஷயத்தில் என் கண் பொய் சொல்லாது. கோகிலாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் பிரதீபாவுக்கும் தெரியும். இந்த மாடியறை எங்கள் மகள் பிரதீபாவின் அறை, அவள் வேலைக்குப் பெங்களூர் போனபிறகு சுவரெல்லாம் கறுப்படித்து இப்படி ஆக்கினேன். இப்போது ஊருக்கு வந்தால் அவள் அம்மாவோடு படுத்துக்கொள்கிறாள். அதைப் பற்றி இன்றைக்கு யோசிக்க வேண்டாம், இன்றைக்கு இதுவே போதும். போன மாதம் அவளிடம் தொலைபேசியில் சொன்னேன், அந்தத் தோசைக் காட்சி இருக்குதே கண்ணு, என்ன ஒரு மௌனம் என்று. அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "ஆமாப்பா" என்றாள். அந்தக் கொஞ்சநேரத்தை நான் எப்படி எடுத்துக்கொண்டேன்? என் பெண்ணும் அந்தக் காட்சியில் கரைந்துபோனாள், பேச்சு வரவில்லை, என் ரசனை அவளுக்கு வந்திருக்கிறது என்று பூரித்துப்போய் கோகிலாவிடம் வேறு சொன்னேன். பிரதீபா படத்தைத் தியேட்டரில் பார்த்தவள். அந்த அம்மா சொன்னதைக் கேட்டவள். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று பெங்களூரில் எங்கேயோ ஒரு படிக்கட்டில் நின்று யோசித்திருக்கிறாள். இன்னும் யாரிடமெல்லாம் சொன்னேன்? நூல் வியாபாரியிடம் சொன்னேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்களிடம் சொன்னேன். அவர்கள் படத்தைப் பார்க்காதவர்களாக இருக்க வேண்டும், கடவுளே, பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். அந்தக் காட்சிக்கு நான் அழுதிருக்கிறேன். இங்கே, தனியாக, இதே நாற்காலியில். இல்லாத ஒன்றுக்கு அழுதிருக்கிறேன். இல்லை, இருந்த ஒன்றைக் கேட்காமல் அழுதிருக்கிறேன். இரண்டில் எது அதிக வெட்கம்?

தெரியாமலா இருந்தது எனக்கு? உண்மையைச் சொல்ல இது நல்ல இடம், இருட்டு, யாரும் பார்க்க முடியாது. ஸ்பீக்கர்களைப் பொருத்த வந்தவர் கடைசியில் சோதனைக்காக ஒரு சத்தம் போட்டார். கட்டையாகத் தொடங்கி, மெலிந்து மெலிந்து மேலே போகிற சத்தம். கேக்குதுங்களா, கேக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டே போனார். கேக்குது, கேக்குது என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் இன்னும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கதவருகே நின்ற கோகிலா பல் கூசினவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "கேக்குதுங்க. அருமையாக் கேக்குது." அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் அதை நான் நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருப்பதற்கு ஆள் உள்ளே எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது! சோமனூரில் தறிக்குடோன் சுவரை ஒட்டின வீட்டில் பிறந்து, தறி ஓட்டி, தறி வாங்கி, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்தவன் நான். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அடிக்கிற அந்தச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது போனது, பெரியப்பாவுக்குப் போனது. எனக்கு மட்டும் போகாது என்று எந்தச் சாமி வரம் கொடுத்தது? எனக்குப் போகவில்லை என்று ஊருக்குக் காட்டத்தானே இதையெல்லாம் வாங்கினேன். சென்னியப்பனுக்குக் காது கூர்மை, ஸ்பீக்கர் வாங்குவதென்றால் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு போ என்று ஊரே சொல்ல வேண்டும் என்றுதானே.

படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திருவிழாக் காட்சி, பறை அடிக்கிறார்கள். இது எனக்கு நன்றாகக் கேட்கும், நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து அடிக்கும். இதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். இப்போது அடியை அனுபவிக்க முடியவில்லை, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வசந்தாமணி அக்கா காதோரத்தில் முந்தானையைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார், குளிருக்கு மூடிக்கொள்கிறவர் மாதிரி. மச்சான் தலையைக் கையில் தாங்கியிருக்கிறார், தாங்குகிற கை காதின்மேல் இருக்கிறது. நிவேதா நாற்காலியில் ஒருபக்கமாகச் சுருண்டிருக்கிறாள். படம் தொடங்கி முக்கால் மணிநேரமாக இவர்கள் அடி வாங்குகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல விட்டேனா? ஆரம்பத்திலேயே கோகிலா, "கொஞ்சம் கொறைங்க" என்றாளே, அதற்கு என்ன சொன்னேன்? இதுதான் கரெக்டான சத்தம், இதுக்குக் கீழ வெச்சா டைரக்டருக்குச் செய்யற துரோகம் என்றேன். துரோகம்! ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை வேறு கூட்டி வைத்திருக்கிறேன், எனக்குப் பேச்சு மழுங்கலாகக் கேட்கிறது என்று. அது இவர்கள் காதில் எப்படி விழும்? தகரத்தைக் கல்லில் இழுக்கிற மாதிரியா? உலகத்தில் உள்ள நல்ல சாமான்களையெல்லாம் வாங்கி வந்து, என் காதுக்குத் தகுந்தபடி கெடுத்து, அதைத் தரம் என்று சொல்லி, இத்தனை பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கொத்துக்கறியும் பிரியாணியும் போட்டதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரிமோட் என் மடியில்தான் இருக்கிறது. இப்போது குறைத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். குறைக்காவிட்டால் காது வலிக்கும் அவர்களுக்கு. விரல் பொத்தானின்மேல் இருக்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. இவ்வளவுதானா நான், விருந்தாளிகளின் காதா என் மானமா என்றால் மானம் என்று சொல்கிறவனா?

பொங்கலுக்கு மச்சான் வீட்டுக்குப் போனபோது நடந்தது. ஏன் இப்போது அது வருகிறது? வரத்தான் செய்யும். மச்சான் வீட்டு டிவி ஹாலில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். மத்தியானச் சூரியன் நேராகத் திரையில் விழுந்து பாதிப் படம் தெரியாது. அதன் முன்னால் தரையில் வீடே உட்கார்ந்து, முறுக்குத் தட்டைச் சுற்றவிட்டு, ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தவன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "என்ன மச்சான், ஊமைப்படமா ஓடுது, சத்தமே வரலியே" என்றேன். ரிமோட்டை வாங்கினேன். கூட்டினேன், இன்னும் கூட்டினேன். கட்டிலில் கிடந்த குழந்தை ஒன்று விழித்து அழுதது. இந்தத் தகர டப்பாவுல இதுக்கு மேல வராது, கலரப் பாருங்க, மூஞ்சியெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி, எப்படித்தான் இதுல உக்காந்து பாக்கறீங்களோ என்றேன். சிரிப்பு நின்றுபோயிருந்தது. மச்சான் எழுந்து டிவியை அணைத்துவிட்டு, "விடுங்க மாப்பிள்ளை, காபி சாப்புடலாம் வாங்க" என்றார். பாவம், டிவியை நினைத்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். காரில் வரும்போது கோகிலாவிடம் அதையும் சொன்னேன். கோகிலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதாவது சொன்னாளா?

அதுதான், அதைத்தான் நினைக்கப் பயந்துகொண்டிருந்தேன். அவள் ஏதாவது சொன்னாளா? என் பொண்டாட்டி அமைதியானவள் என்று எல்லாரிடமும் சொல்வேன். வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாதுங்க என்று பெருமையாகச் சொல்வேன். அவள் எப்போதிலிருந்து அமைதியானவள்? கல்யாணமான புதிதில் அப்படி இல்லையே. அம்மா திட்டுவாளே, இந்தப் புள்ளைக்கு வாய் ஓயாதா என்று. அப்புறம் எப்போது அமைதியானாள்? ஆகவே இல்லையோ? கொடியில் துணி காயப்போடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், வெண்டைக்காய் நறுக்கும்போது குனிந்திருப்பாள், நான் பேப்பர் படித்துக்கொண்டு, என்ன நிம்மதியான வீடு என்று நினைப்பேன். அப்போதெல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்தாளா? பேசிப் பேசிப் பார்த்து, பதில் வராமல், அப்புறம் விட்டுவிட்டாளா? எதையெல்லாம் கேட்டிருப்பாள்? தலைவலி என்றிருப்பாளா? பிரதீபாவின் அறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பாளா? சொன்னேனே, நீங்கதான் ஒண்ணும் சொல்லலை என்று ஒரு தடவை அவள் சொன்னதும், எப்போ சொன்னே என்று நான் கத்தியதும் ஞாபகம் வருகிறது. எதைப் பற்றி என்று ஞாபகம் வரவில்லை. போன வாரம் தறிக்குடோனில் ஆட்கள் என்னைப் பார்த்து எதையோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவும் இதுதானா? இருட்டில் எனக்கு வேர்க்கிறது. ஏசி ஓடுகிறது, ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. சத்தமே இல்லாத ஏசி என்று அதையும் வேறு பெருமையடித்திருக்கிறேன்.

இடைவேளை என்று திரையில் வந்ததும் விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. டீ கொண்டுவருவதற்காகக் கோகிலா எழுந்தாள். மச்சான் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "நல்லாருக்குதுங் மாப்பிள்ளை. நீங்க சொன்னீங்கல்ல, அந்தத் தோசை சுடற எடம், அந்த மௌனம்... நல்லாருந்துச்சுங்." வசந்தாமணி அக்கா நகத்தைப் பார்த்தார். நிவேதா கைபேசியைப் பார்த்தாள். கோகிலா கதவருகில் நின்றுவிட்டாள். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்றால், நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்கிறவனைச் சுற்றி நான்கு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. அவர்கள் சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஆமாங்க மச்சான், மௌனம் என்றால் அதுதான் மௌனம் என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர்கள் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள், இன்றைக்கும், அடுத்த பொங்கலுக்கும், நான் சாகிறவரைக்கும் தலையாட்டியிருப்பார்கள்.

"இல்லீங்க மச்சான்" என்றேன். "அங்க அந்தம்மா பேசுனது எனக்குக் கேக்கலீங்க. இன்னிக்கு மட்டுமில்ல. ஒருநாளும் கேக்கல." யாரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ, உதடுகளைப் பார்த்தேன், அசையவில்லை. மச்சான்தான் கடைசியில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்குப் பொங்கலுக்கே பட்டுச்சுங் மாப்பிள்ளை" என்றார். "புள்ளைங்க எதாச்சும் சொல்லிப்போடுமேன்னுதான் டிவிய நிறுத்துனது. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங். எங்கூட வாங்க, நான் கூட்டிட்டுப் போறனுங்." டிவியை நினைத்து அவர் கூச்சப்படவில்லை. என்னை மறைக்க அணைத்திருக்கிறார், நான் அவருடைய டிவியைத் திட்டிக்கொண்டிருந்தபோதே. எனக்குத் தலை நிமிரவில்லை. கால் விரலைப் பார்த்துக்கொண்டு, "நீ ஏம்புள்ள சொல்லலை?" என்று கோகிலாவைக் கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "எத்தன தடவ சொன்னனுங்க." கோபம் இல்லை அவள் குரலில். களைப்புதான் இருந்தது. மச்சானின் முன்னால், வசந்தாமணி அக்காவின் முன்னால், அந்தச் சின்னப்பெண்ணின் முன்னால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. வசந்தாமணி அக்கா எழுந்து, "டீ நான் போடறன், நீ இரு" என்று கோகிலாவை உட்கார வைத்துவிட்டுக் கீழே போனார்.

டீ குடித்தபிறகு ரிமோட்டைக் கோகிலாவிடம் கொடுத்தேன். உனக்கு எப்படி வேணுமோ வெச்சுக்க என்றேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, இத்தனை நாளில் நான் அவள் கையில் அதைக் கொடுத்ததே இல்லை. நிவேதா காட்டிக்கொடுத்தாள். சத்தம் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, எனக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. படம் மட்டும் இருந்தது. படம் அழகாக இருந்தது, அதை நான் இன்னும் சொல்வேன். அந்தப் பெண்ணின் முகத்தில் மாவு ஒட்டியிருந்தது, இத்தனை தடவை பார்த்தும் அதைக் கவனித்ததில்லை. வசந்தாமணி அக்கா முந்தானையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மச்சான் காலை நீட்டினார். இவர்களுக்கு இப்போதுதான் படம் தொடங்கியிருக்கிறது. கொஞ்சநேரத்தில் நான்கு பேரும் சிரித்தார்கள். என் வாய் பழக்கத்தில் சிரிப்பதற்குத் தயாராக விரிந்தது. மூடிக்கொண்டேன். முகம் சுட்டது. அப்புறம் கோகிலாவின் பக்கம் சாய்ந்து, "என்ன சொன்னான்?" என்றேன். காது கேட்காதவன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது, அறையே அதிர்ந்திருக்கும். அவள் என் காதோரம் வந்து சொன்னாள். மூச்சின் சூடுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. "கேக்கல, இன்னொருக்கா சொல்லு" என்றேன். இன்னும் உரக்கச் சொன்னாள், பாதி கேட்டது. அதற்குள் வசந்தாமணி அக்கா எங்கள் இருவர் பக்கமும் திரும்பி, படம் கேக்க உடமாட்டீங்களா என்கிற முகத்தோடு விரலை உதட்டின்மேல் வைத்தார். கோகிலா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அந்தப் பழைய வாயாடிப் பெண் மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வசனத்தில் மீதிப் பாதி என்ன என்று அவளிடம் இன்னொரு தடவை கேட்பதா, விட்டுவிடுவதா என்று யோசித்தேன். கேட்டேன்.